பட்டாளத்துக்காரர் மனைவிக்குப் பேறுகால மனநலம்: குமரி மாவட்டத்துக் குடும்பங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் இரண்டு ரயில்கள் எங்கள் மாவட்டத்துப் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். ஹிம்சாகர் மூன்று இரவு ஓடி, ஜம்முவைத் தாண்டி கட்ரா போகும். விவேக் அசாமின் திப்ரூகருக்குப் போகும். நாட்டிலேயே மிக நீளமான ரயில் பாதை அதுதான். என் இளைய மகன் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, என் வீட்டுக்காரரை நாகர்கோவில் சந்திப்பில் விவேக்கில் ஏற்றிவிட்டுத் தக்கலைக்குத் திரும்பினேன். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள், பிள்ளை அழுவது காதில் விழுந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். "ஒனக்கு என்ன கொறை மோளே? மாசாமாசம் பைசா வருகு, பிள்ளையும் நல்லா இருக்கு" என்று மாமியார் கேட்டார். அன்போடுதான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அது பேறுகால மனச்சோர்வு என்ற ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு, குணமாகும் என்று சொல்ல அன்று பக்கத்தில் யாரும் இல்லை. இந்த நோயில் விழுந்த பெண்ணுக்குத் தன் நோய் தெரியாது. "நான் சரியில்லாத அம்மா" என்றுதான் தோன்றும். அதனால் முதலில் கவனிப்பது கூட இருப்பவர்தான், பெரும்பாலும் கணவர். எங்கள் வீடுகளில் அந்த இடம் காலி. அந்த இடத்தில் யார் நிற்பது என்பதை அவர் ரயில் ஏறுமுன் முடிவு செய்துவிட வேண்டும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். ராணுவம், கடற்படை, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். எதுவானாலும் இது பொருந்தும்.

முதல் படி: வந்திருப்பது எது என்று பிரித்தறியுங்கள்

பிரசவமான இரண்டாம், மூன்றாம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறையும். பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இது வருகிறது. ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும் இதற்குக் காரணம். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். மருந்து வேண்டாம்; ஓய்வும் ஆதரவும் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் அடங்கவில்லை என்றால் அது வேறு. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது, எதிலும் ஒட்டாமல் போவது, பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராதது, சாப்பாடு இறங்காதது, "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது" என்ற எண்ணம் வருவது, இவை மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். இது கர்ப்பத்திலேயே தொடங்கலாம். பிரசவமாகி ஒரு வருடத்துக்குள் எப்போதும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், வளரும் நாடுகளில் பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 20 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு வருகிறது. அதில் பெரும்பகுதி மனச்சோர்வுதான். ஐந்து பேரில் ஒருவர்! நம் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடுகளை மனதில் எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது வகையை எங்கள் பக்கத்தில் "வெப்ராளம்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், பிள்ளை மூச்சு விடுகிறதா என்று இரவில் இருபது தடவை எழுந்து பார்ப்பது. இதோடு சிலருக்கு வேண்டாத காட்சிகள் மனதில் வந்து அறையும்: பிள்ளை கையிலிருந்து நழுவுவது, கிணற்றடியில் விழுவது, தன் கையாலேயே ஏதோ செய்துவிடுவது. இதை எந்த அம்மாவும் வெளியே சொல்லமாட்டாள். சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம். அவளுக்கு நான் சொல்ல விரும்புவது: அந்தக் காட்சியைக் கண்டு நீங்கள் நடுங்குகிறீர்கள் அல்லவா, அந்த நடுக்கம்தான் அது உங்கள் விருப்பம் இல்லை என்பதற்கு அடையாளம். இது ஓயாத எண்ணச் சுழற்சி நோய். மனநல மருத்துவர்கள் இதை வாராவாரம் கேட்கிறார்கள். தைரியமாகச் சொல்லலாம்.

நான்காவது வகை அரிது, ஆனால் அவசரம். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், மனம் ஒரேயடியாகத் தடம் மாறிவிடும். இரண்டு மூன்று நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பாள். சம்பந்தமில்லாமல் பேசுவாள், யாரோ கூப்பிடுவதாகச் சொல்வாள், பிள்ளை தன் பிள்ளையே இல்லை என்பாள் அல்லது அதற்குத் தெய்வ சக்தி இருப்பதாகச் சொல்வாள். காலையில் தெளிவாக இருந்துவிட்டு மாலையில் குழம்புவதும் உண்டு. காற்று கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரவாதியிடமோ, உபவாச ஜெபத்துக்கோ கொண்டுபோய் நாட்களைக் கழிப்பது இந்த நோயில்தான். ஜெபமும் நேர்ச்சையும் உங்கள் விருப்பம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் செய்யுங்கள். அன்றே சேர்க்க வேண்டும், அதுவரை தாயையும் பிள்ளையையும் தனியாக விடக்கூடாது.

இரண்டாம் படி: கர்ப்பத்தில், அவர் லீவில் இருக்கும்போதே

கடைசி லீவில் சீமந்தம், வீட்டு வேலை, சொந்தக்காரர் கல்யாணம் என்று நாட்கள் ஓடிவிடும். அதில் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவாக இருக்கலாம், மைனியாக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாக இருக்கலாம். அழுதால் அறிவுரை சொல்லத் தொடங்காமல் கேட்கக்கூடியவர், தேவைப்பட்டால் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு வரக்கூடியவர், உங்கள் கணவருக்கு நேரடியாகப் போன் போட்டு "இவளுக்குச் சரியில்லை" என்று சொல்லத் தயங்காதவர். இந்த மூன்றும் உள்ளவர் சொந்தத்திலேயே மூத்தவராக இருக்க வேண்டியதில்லை. கணவரும் நீங்களும் சேர்ந்து அவரிடம் நேரில் கேளுங்கள். கணவரே தன் வாயால் "நான் இல்லாதப்ப நீங்கதான் பார்க்கணும்" என்று சொன்னால், பின்னால் அவர் தலையிடும்போது வீட்டில் யாரும் "நீ யாரு கேக்க?" என்று சொல்லமாட்டார்கள். என் வீட்டில் இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டதால் ஆறு வாரம் போயிற்று.

அடுத்து, பழைய கதையை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு மனச்சோர்வு இருந்ததா, முந்தைய பிரசவத்தில் வந்ததா, கரு கலைந்ததுண்டா, வீட்டில் அடி உதை உண்டா. மனம் அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருதுருவ நோய் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன நான்காவது வகை வரும் வாய்ப்பு ஐந்தில் ஒருவர் அளவுக்கு இருப்பதால், பிரசவத்துக்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்த்துத் திட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். வலிப்புக்கோ மனநோய்க்கோ சோடியம் வால்ப்ரோயேட் சாப்பிடுகிறவர் கருத்தரிக்க நினைக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை மாற்ற வேண்டும். அது கருவைப் பாதிக்கும். தானாக நிறுத்திவிடவும் கூடாது.

பிறகு காகிதம். கல்யாணம் அவருடைய யூனிட்டின் அதிகாரப்பூர்வப் பதிவான பார்ட் டூ ஆர்டரில் ஏறியிருக்கிறதா, உங்களுக்கு டிபென்டன்ட் கார்டு வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் ராணுவ ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். பணியில் உள்ளவரின் மனைவிக்கு இ.சி.ஹெச்.எஸ். மருத்துவத் திட்டம் பொருந்தாது, அது ஓய்வு பெற்றவர்களுக்கானது. மத்திய ஆயுதப் போலீஸ் படைக் குடும்பங்களுக்கு ஆயுஷ்மான் சி.ஏ.பி.எஃப். அட்டை தனி. கூடவே கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவான பிக்மி எண்ணுக்குப் பதிவு செய்யுங்கள். அதன் வழியாகத்தான் கிராம சுகாதார செவிலியரின் கண் உங்கள் மேல் இருக்கும். என்னைக் கண்டுபிடித்ததும் ஒரு செவிலியர்தான்.

மூன்றாம் படி: தடுப்பூசி நாளில் உங்களையும் பாருங்கள்

வாராவாரம் மனதைச் சோதிக்கச் சொன்னால் யாருக்கும் நேரம் கிடையாது. ஆனால் பிள்ளையின் ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதத் தடுப்பூசியை எந்தத் தாயும் தவறவிடமாட்டாள். அந்த மூன்று நாளையும் உங்களுக்கான நாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1987-இல் வந்தது. பத்தே கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றியது, ஐந்து நிமிடத்தில் முடியும், தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 30 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவு குறைவாக வந்தாலும், அந்தக் கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அன்றே ஒருவரிடம் பேசியாக வேண்டும். இது நோய் இருக்கிறது என்று தீர்ப்பு சொல்லும் தாள் இல்லை. மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க உதவும் தாள். வாசிக்கவே சக்தி இல்லாத நாளில், நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்கட்டும்.

நான்காம் படி: எங்கே போவது

பக்கத்திலேயே தொடங்கலாம். ஆசாரிப்பள்ளம் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் மகப்பேறு பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மேற்குப் பகுதியில் உள்ளவர்களுக்குத் தக்கலையில் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று செவிலியரிடம் கேட்டால் சொல்வார். ராணுவ ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் நமக்கு அருகில் உள்ளது திருவனந்தபுரம் பாங்கோடு. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தவர்களுக்கு அது வசதி. ஆரல்வாய்மொழியிலிருந்து கைக்குழந்தையோடு போய்வர ஒரு நாள் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் ஆசாரிப்பள்ளத்தில் வைத்தியம் தொடங்கிவிட்டு, காகித வேலையை மெதுவாகப் பார்க்கலாம்.

வீட்டைவிட்டு இறங்க முடியாத நாளில் 14416. இதுதான் டெலி மானஸ், அரசின் தொலைபேசி மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் இதன் தனிப் பிரிவு 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. "நான் ராணுவ வீரரின் மனைவி" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

மனநல மருத்துவரிடம் போனால் கணவருடைய வேலைக்குப் பாதிப்பு வருமோ என்று பயந்து பல பெண்கள் மறைக்கிறார்கள். மனைவி பெறும் வைத்தியம் மனைவியுடையது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி உங்கள் மருத்துவ விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டியது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: உள்நோயாளியாகச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது. தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வைத்து வைத்தியம் செய்யும் தனிப் பிரிவு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இயங்குகிறது. கடுமையான நிலையில் அங்கே அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

ஐந்தாம் படி: மருத்துவர் முன் உட்கார்ந்ததும்

"ஒரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொன்னால் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு முதல் முறை அப்படித்தான் நடந்தது. எத்தனை நாளாக, எத்தனை மணி நேரத் தூக்கம், சாப்பாடு எப்படி, சாகும் எண்ணம் வந்ததா, பிள்ளையைப் பற்றி என்ன எண்ணம் வருகிறது, பால் கொடுக்கிறீர்களா, கணவர் எங்கே. இவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வாய் திறக்க முடியாவிட்டால் சீட்டை நீட்டுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெட்டாலும் இதே மாதிரிச் சோர்வு வரும்.

லேசான நிலைக்குப் பேச்சு வைத்தியமே போதும். இதில் ஒரு செய்தி என்னை மிகவும் அசைத்தது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சாதாரணப் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய்ப் பேச வைத்தார்கள். 2008-இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில், பயிற்சி பெற்றவர் பேசிய தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்கே மனச்சோர்வு மிஞ்சியது, மற்றவர்களில் 53. பிற்பாடு உலக சுகாதார நிறுவனம் அந்த முறையையே கையேடாக வெளியிட்டது. அவர்கள் பேசியது மூன்றே விஷயம்: தாயின் உடம்பு, தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள ஒட்டுதல், தாய்க்கும் சுற்றத்துக்கும் உள்ள உறவு. இது நம் அங்கன்வாடியிலும், மகளிர் குழுவிலும் முடியாத காரியமா? எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே நோய், இதே மருந்து.

நிலை கடுமையானால் மாத்திரை வேண்டும். "பால் கொடுக்கிறவ மனசுக்கு மாத்திரை சாப்பிடலாமா?" என்று எல்லாரும் கேட்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்குப் பெரும்பாலும் எழுதப்படும் செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது. பாலை நிறுத்த வேண்டியதில்லை. எதற்கும் உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு. முதல் சில நாள் குமட்டல், தலைவலி வரலாம். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் "இது கேக்கல்ல" என்று நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

ஆறாம் படி: வீட்டில், அந்த நாற்பது நாளில்

வேது குளி, பேறுகாலக் காய மருந்து, பூண்டுக் குழம்பு, அம்மா வீட்டு ஓய்வு, இவையெல்லாம் நல்லவை. பிள்ளை பெற்ற உடம்பை நாற்பது நாள் மற்றவர்கள் தாங்கும் வழக்கம் பல நாட்டில் இல்லை. கெடுதல் எங்கே என்றால், தண்ணீர் குடிக்க விடாமல் தடுப்பது, ஜன்னல் அடைத்த அறையில் போட்டுவைப்பது, பிள்ளைக்கு இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டும் இருபத்தெட்டு கெட்டுக்கு வரும் கூட்டத்தை எல்லாம் தாய் முகம் சிரித்து வரவேற்க வேண்டும் என்பது. பால் கொடுப்பவளுக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். காலை வெயிலில் முற்றத்தில் பத்து நிமிடம் நடக்கட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய மருந்து தூக்கம். இரவில் தொடர்ந்து நான்கைந்து மணி நேரம் அவளைத் தூங்க விடுங்கள். கணவர் வீட்டில் இருந்தால் ஒரு நேரம் அவர் பார்ப்பார். இல்லாத வீட்டில் மாமியாரும் அம்மாவும் முறை வைத்துக்கொள்ள வேண்டும். பாலைப் பிழிந்து சுத்தமான பாத்திரத்தில் மூடி, ஃபிரிட்ஜில் வைத்தால், ஒரு வேளைக்குப் பாலாடையால் கொடுக்கலாம். நம் ஊர் வெக்கையில் வெளியே நெடுநேரம் வைக்காதீர்கள்.

ஏழாம் படி: தூரத்தில் இருப்பவருக்கு

இது கணவர்கள் படிக்க வேண்டியது. போஸ்ட்டில் சிக்னல் கிடைப்பதே பத்து நிமிடம்; அதில் எட்டு நிமிடம் பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேட்கிறீர்கள். முதல் இரண்டு நிமிடத்தை அவளுக்குக் கொடுங்கள். "சாப்ட்டியா" என்றால் "சாப்ட்டேன்" என்றுதான் சொல்வாள். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு ஒறங்கினே? இன்னிக்கு அழுதியா?" என்று கேளுங்கள். அழுதாள் என்றால் பயந்து "அழாதே" என்று சொல்லாமல் கேட்டுக்கொண்டிருங்கள். வாரம் ஒரு முறை, நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த ஆளுக்கும் தனியாகப் பேசுங்கள். தகப்பனுக்கும் இந்தக் காலத்தில் மனச்சோர்வு வரும். உங்களுக்குத் தூக்கம் போனால் யூனிட்டின் மருத்துவ அதிகாரியிடம் சொல்லுங்கள்.

லீவு பற்றி. ஒரு காலத்தில் ஊரிலிருந்து தந்தி போனால் லீவு கிடைத்தது. 2013 ஜூலையில் தந்தியே நின்றுவிட்டது. இன்று வேண்டியது மருத்துவர் கையெழுத்திட்ட சான்று. அதில் "உடல்நலக் குறைவு" என்று பொதுவாக எழுதாமல், நோயின் பெயர், வைத்தியம் நடப்பது, கணவர் அருகில் இருப்பது அவசியம் என்பது, மூன்றும் இருக்கட்டும். போட்டோ எடுத்து அவருக்கும், அவர் மூலம் அவருடைய படைப்பிரிவுக்கும் அனுப்புங்கள். நிலை நீடித்தால், குடும்ப நிலை கருதித் தரும் இடமாற்றமான கம்பாஷனேட் போஸ்டிங்குக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். கர்ப்பத்திலேயே தெரிந்தால், லீவு முழுவதையும் பிரசவ நாளிலேயே கரைத்துவிடாமல் ஒரு பகுதியை நான்காவது, ஐந்தாவது வாரத்துக்கு மிச்சம் வையுங்கள் என்பது என் அழுத்தமான கருத்து. பிரசவ நேரத்தில் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஐந்தாவது வாரத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

எட்டாம் படி: அவசரம்

சாகும் திட்டம் பற்றிப் பேசினாலோ, பிள்ளைக்குத் தீங்கு செய்யச் சொல்லிக் குரல் கேட்பதாகச் சொன்னாலோ, இரண்டு இரவு தூக்கமில்லாமல் பேச்சு மாறிப்போனாலோ யோசிக்க நேரமில்லை. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை ஒருவர் தாயோடு, இன்னொருவர் பிள்ளையோடு. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட், பூச்சிமருந்து, மாத்திரை டப்பா, அரிவாள் எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோங்கள். எங்கள் தோட்டத்து வீடுகளில் இவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். தற்கொலைக்கு முயன்றவள் மேல் வழக்கு வருமோ என்று பயந்து ஆஸ்பத்திரியைத் தவிர்க்காதீர்கள். கடும் மன அழுத்தத்தில் செய்தாள் என்றே கருதி, தண்டனையின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

ஒன்பதாம் படி: மீண்டு வரும் மாதங்கள்

குணம் நேர்கோட்டில் வராது. எனக்கு வைத்தியம் தொடங்கிய மூன்றாவது வாரம் பசி திரும்பியது. அடுத்து தூக்கம். பிள்ளையை மடியில் வைத்தால் பாசம் பொங்கும் என்று காத்திருந்தேன். அது கடைசியாகத்தான் வந்தது, நான்காவது மாதம், குளிப்பாட்டும்போது அவன் என் கம்மலைப் பிடித்து இழுத்த ஒரு காலையில். ஒட்டுதல் தாமதமாக வந்ததால் பிள்ளைக்குக் குறை எதுவும் வந்துவிடவில்லை. அதுவரை பால் கொடுத்து, துணி மாற்றி, அவன் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

இடையில் இரண்டு நாள் மோசமாகப் போனால் நோய் திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். குறிப்பாக, அவர் லீவு முடிந்து மறுபடி ரயில் ஏறும் வாரத்தில் ஒரு மருத்துவர் சந்திப்பை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்த மருத்துவர் அந்த வாரத்தைக் கணக்கில் வைத்தே மாத்திரையைக் குறைப்பதைத் தள்ளிப்போட்டார்.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நினைத்தால், ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதைத் தெரிந்துகொண்டு, கருத்தரிக்குமுன் அதே மருத்துவரைப் பாருங்கள். எந்த மாத்திரை, எந்த அளவு, எத்தனை மாதம், எது கேட்டது, எது கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதி, தாய் சேய் அட்டையோடு வைத்துவிட்டு, அதன் ஒரு படியை அவர் பெட்டியிலும் போட்டு அனுப்புங்கள்.